காற்றில் காயும் பூதான், ஆனால் எந்த ஊர்க் காற்றில்?

வேளச்சேரியிலிருந்து:

போன ஐப்பசியில் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். வரிசைத் தட்டு அலங்காரம் என் பொறுப்பு என்று நானாகவே வாயைக் கொடுத்தேன். பதினோரு தட்டு, தட்டுக்கு மூன்று ரோஜா, சுற்றிலும் மல்லி மொட்டு. காற்றில் காயும் களிமண் கடையில் சின்னப் பொட்டலமாகத்தான் கிடைக்கிறது. இத்தனை பூவுக்கு அதை வாங்கினால் கட்டுப்படியாகாது. வீட்டிலேயே கிளறிவிட்டேன்.

ஒரு கப் கார்ன்ஃப்ளவர், ஒரு கப் ஃபெவிகால், ஒரு ஸ்பூன் பேபி ஆயில், ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. கட்டியில்லாமல் கரைத்து, பழைய நான்ஸ்டிக் சட்டியில் ஊற்றி, அடுப்பைச் சிம்மில் வைத்துக் கைவிடாமல் கிளற வேண்டும். (அந்தச் சட்டி அதோடு சமையலுக்கு இல்லை. கரண்டியும்தான்.) அல்வா பதம் தெரிந்தவர்களுக்கு இது சுலபம். ஓரம் விட்டு, கரண்டியோடு சுருண்டு வந்ததும் இறக்கிவிடணும். இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்பட்டால் வறண்டு திரிதிரியாகிவிடும். கை பொறுக்கிற சூட்டில் கோல்டு கிரீம் தடவிப் பிசைந்து, பிளாஸ்டிக் கவரில் காற்றுப் புகாமல் சுற்றி ஒரு நாள் வைத்தேன். இடியாப்ப மாவு தோற்றது.

ரோஜாவுக்கு நடுவில் ஒரு கூம்பு, சுற்றிலும் மூன்று, ஐந்து, ஏழு என்று இதழ்கள். ஒரு பூவுக்கு 15 இதழ் என்றால் 33 பூவுக்கு 495. இதைக் கணக்குப் போட்டுவிட்டு வாயைக் கொடுத்திருக்கலாம்.

ஆனாலும் இதழ் செய்வது ஒரு சுகம். சுண்டைக்காய் அளவு உருண்டையை உள்ளங்கையில் வைத்துத் தட்டி, விளிம்பை மட்டும் கோலிக்குண்டால் தேய்த்துக்கொண்டே வருவேன். விளக்குப் பக்கம் தூக்கிப் பிடித்தால் பின்னால் இருக்கும் விரல் நிழலாகத் தெரியணும், அந்த அளவுக்கு மெலிசு. அடிப்பக்கம் தடிமனாகவே இருக்கட்டும், அப்போதுதான் ஒட்டும்போது பிடிமானம் இருக்கும். முட்டை அட்டைக் குழியில் உட்கார வைத்தால் விரிந்த வாக்கிலேயே நிற்கும்.

செய்து முடித்த அன்று ராத்திரி மழை பிடித்தது. பிறகு விடவே இல்லை. ஐந்தாம் நாள் ஒரு ரோஜாவை எடுத்து அழுத்திப் பார்க்கிறேன், வெளி இதழ் கல் மாதிரி, உள்ளே கூம்பு பிசுபிசு. ஃபேனை நேராகத் திருப்பி வைத்தது இன்னும் மோசம். காற்றுப் பட்ட பக்கம் முதலில் சுருங்கி விரிசல் விட்டது. ஏழாம் நாள் இதழ் இடுக்கில் கறுப்புப் புள்ளி. பூஞ்சை! வேறென்ன, இந்தக் களிமண்ணில் இருக்கும் தண்ணீர் வெளியே போனால்தான் அது காயும். ஏற்கெனவே ஈரத்தில் ஊறிக் கிடக்கிற காற்று எதை வாங்கிக்கொள்ளும்?

மல்லி மொட்டு வேறு தன் பங்குக்கு மானத்தை வாங்கியது. பிசையும்போது பால் வெள்ளை. காய்ந்த பிறகு வெந்த ஜவ்வரிசி. வெள்ளை வேண்டுமானால் பிசையும்போதே வெள்ளை போஸ்டர் கலர் சேர்த்திருக்கணும் என்பது அப்போதுதான் உறைத்தது.

பதினெட்டு ரோஜாவைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். இந்த முறை கூம்பைக் களிமண்ணில் பிடிக்கவில்லை. அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி, மேலே ஒரு மெல்லிய போர்வை மட்டும். தட்டுகளைப் படுக்கையறையில் பரப்பி, கதவைச் சாத்தி, இரண்டு ராத்திரி ஏசி போட்டேன். ஏசி அறையின் ஈரத்தை உறிஞ்சுமே, அந்த யோசனைதான். பூ காய்ந்தது. எங்கள் வீட்டுக்காரர் ஹாலில் கொசுவோடு படுத்தார்.

உங்கள் ஊரில் எப்படிக் காய்கிறது?

*

டொரொண்டோவிலிருந்து:

அக்கா, எனக்கு உங்கட பிரச்சினை தலைகீழ். இங்கே தை மாதம் வெளியில் பனி, வீட்டுக்குள் ஹீட்டர். காற்று அப்பளம் மாதிரிக் காய்ந்து கிடக்கும். இதழைத் தட்டி விளிம்பை மெலிசாக்குவதற்குள் மேலே தோல் பிடித்துவிடும், மடித்தால் கீறல். முதல் நாள் செய்த அவ்வளவும் பழைய சுவர்ச் சுண்ணாம்பு போல வெடித்துப் போனது.

இப்போது உருண்டையில் ஒரு இதழுக்கு வேண்டியதை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஈரத்துணியால் மூடிவிடுவேன். பூ முடிந்த பிறகும் உடனே வெளியில் வைப்பதில்லை. ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடி, மெல்ல மெல்லக் காயவிடுவேன்.

நான் அதிகம் செய்தது செவ்வரத்தை, நீங்கள் செம்பருத்தி என்பீர்கள். அம்மாவின் வளவில் வேலி நிறைய நின்ற பூ. ஐந்து இதழ் சுலபம், நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டுதான் வேலை. கம்பியில் களிமண்ணைச் சுற்றி, மேல் பாதியில் பசை தடவி, மஞ்சள் சாயம் ஏற்றிய றவையில் உருட்டி எடுத்தால் மகரந்தம் அப்படியே அச்சு. நுனியில் ஐந்து சிவப்புப் புள்ளியை மறக்கக் கூடாது. இலைக்கு உண்மையான இலையின் பின்பக்கத்தைக் களிமண்ணில் அழுத்தினால் நரம்பு விழும். இங்கே குளிருக்குச் செவ்வரத்தை இலைக்கு எங்கே போவது? சூப்பர் மார்க்கெட் புதினாவை வைத்துச் சமாளிக்கிறேன். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

*

கோயம்புத்தூரிலிருந்து:

எங்க கதை சின்னதுங்க. மாமியாரைக் கார்ன்ஃப்ளவர் வாங்கி வரச் சொன்னேன். அவர் மில்லுக்குப் போய் மக்காச்சோளத்தை அரைத்து மஞ்சளாக ஒரு கிலோ கொண்டுவந்துவிட்டார். பேரைக் கேட்டால் நியாயம்தானே! கிளறினால் உப்புமாப் பதம் வந்தது, அல்வாப் பதம் வரவே இல்லை. நமக்கு வேண்டியது சோளத்திலிருந்து பிரித்த வெள்ளை ஸ்டார்ச், தொட்டால் டால்கம் பவுடர் மாதிரி கிறீச்சிடும். மஞ்சள் மாவு மாட்டுக்குப் போனது.

கம்பி விஷயம் சொல்லணும். ஹார்டுவேர் கடை இரும்புக் கம்பியில் வெள்ளை லில்லி செய்தேன். மண் ஈரத்தில் கம்பி துருப்பிடித்து, இதழின் நடுவில் பழுப்புக் கோடாக இறங்கிவிட்டது. எங்க ஊரில் மோட்டார் காயில் கட்டுகிற கடைக்கு என்ன பஞ்சம்? அங்கே மிச்சம் விழுகிற செப்புக் கம்பி கேட்டு வாங்கினேன். மேலே எனாமல் பூச்சு இருப்பதால் கறை இறங்கவில்லை, நன்றாக வளையவும் செய்கிறது. பெரிய பூவுக்குத் தண்டு மட்டும் தென்னை ஈர்க்குச்சி.

இன்னொன்று. மினுமினுப்புக்கு நெயில் பாலிஷ் அடிக்காதீங்க. அதிலிருக்கிற கரைப்பான் அடியிலிருந்த அக்ரிலிக் வண்ணத்தைக் கிளப்பி, பிரஷ்ஷோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு கோட் போதும்.

*

தோவாளையிலிருந்து:

பூச்சந்தை ஊர்க்காரன், ஆண்பிள்ளை, களிமண்ணில் பூ செய்கிறேன் என்றால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

நான் பார்க்கிற பூவில் பாதி, பூவைப் பார்க்காமல் செய்தது. மல்லி மொட்டு என்றால் எல்லோரும் ஒரு நீள்முட்டையை உருட்டிக் குச்சியில் சொருகிவிடுகிறார்கள். ஒரு மொட்டை எடுத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். நுனியில் லேசாக ஒரு திருகு இருக்கும், இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று சுற்றிக்கொண்டிருப்பதால் வருவது. கீழே குழல் மாதிரி ஒரு காம்பு, அதன் அடியில் நூல் நூலாகப் பச்சைப் பற்கள். ஊசி முனையால் மூன்று சாய்வுக் கோடு இழுத்து நுனியை ஒரு திருகு திருகினால் போதும், தூரத்திலிருந்தே மல்லி என்று தெரியும்.

பேராசையில் மாணிக்க மாலையையும் விட்டுவைக்கவில்லை. எங்க ஊர் மாலை அது, 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, பச்சைக்கு நொச்சி இலை, மூன்றையும் மடித்து மடித்து நாரில் பாய் மாதிரி தட்டையாகக் கட்டுவார்கள். எட்டத்திலிருந்து பார்த்தால் மாணிக்கக் கல் பதித்தது போல இருக்கும். அரளி மடிப்பைக் களிமண்ணில் ஒரு மட்டமாகக் கொண்டுவர எனக்கு இருபது நாள் ஆனது. ஒரு சாண் நீளம் கட்டியதுமே கை கனத்துவிட்டது. முழு மாலையாக்கிச் சாமிக்குப் போட்டால் சாமி கழுத்தைச் சாய்ப்பார் என்று அப்பா சொன்னார். இப்போது அது பூஜை அறை நிலைப்படிக்கு மேலே ஆணியில் தொங்குகிறது.

காய்வதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்களுக்கு இரண்டு பருவமும் மழை. ஆனால் ஆரல்வாய்மொழி கணவாய் பக்கத்திலேயே இருப்பதால் காற்றுக்குக் குறைவில்லை. அடிக்கிற காற்றில் காய வைத்த பூவே பறந்துபோகும், அது வேறு தொல்லை.

*

கும்பகோணத்திலிருந்து:

நீங்களெல்லாம் கார்ன்ஃப்ளவர் காலத்து ஆட்கள். நாங்கள் 1990களில் செய்தது ரொட்டிப் பூ. ஓரம் நீக்கிய ரொட்டித் துண்டை உதிர்த்து, ஃபெவிகால் விட்டுப் பிசைவோம். அடுப்பே வேண்டாம். முதலில் கையெல்லாம் ஒட்டும், விடாமல் பிசைந்தால் திடீரென்று வழவழவென்று திரண்டு வரும். அதில் செய்த தாமரை ஒன்றை வருஷா வருஷம் கொலுவில் மகாலட்சுமிக்கு வைப்பேன்.

ஒரு வருஷம் பெட்டியைத் திறந்தால் லட்சுமி இருக்கிறாள், தாமரையில் பாதியைக் காணோம். ராமபாணப் பூச்சி! மாவும் பசையும் அதற்கு விருந்தல்லவா? மேலே வார்னிஷ் அடித்திருந்தேன், அடிப்பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். அது பார்த்துவிட்டது. டொரொண்டோ பெண்ணே, உன் றவை மகரந்தத்துக்கும் ஒரு கோட் அடித்துவிடு. இங்கே என்றால் வண்டு வைத்திருக்கும்.

*

மறுபடி வேளச்சேரி:

அம்மா, நானும் அடிப்பக்கம் வார்னிஷ் அடிக்கவில்லை. இதைப் படித்துவிட்டு எழுந்துபோய்ப் பதினோரு தட்டையும் கவிழ்த்துப் பார்த்தேன், பூச்சி ஒன்றும் இல்லை. நாளைக்கே அடித்துவிடுகிறேன்.

தோவாளைத் தம்பி, நொச்சி இலைப் பச்சை எப்படிக் கொண்டுவந்தீர்கள்? எனக்குக் கிளிப்பச்சைதான் வருகிறது.

*

தோவாளை:

பச்சையில் துளி சிவப்பு, கூடவே கொஞ்சம் வெள்ளை அக்கா. நொச்சி இலைக்கு ஒரு சாம்பல் சாயல் உண்டு. ஈரமாக இருக்கும்போது வேண்டிய நிறத்தைவிட ஒரு படி வெளிறலாக வையுங்கள், காய்ந்தால் இருளும்.