கலைச்சொல்: வேல்ஸ் விடுதியை நடத்தும் பெண்ணுக்கு என்ன பெயர்?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

ஓவியர் ரோலண்ட்சன் 1797-இல் வேல்ஸைச் சுற்றிவந்து வரைந்த படங்களைத் திங்களன்று வகுப்பில் காட்டப்போகிறேன். பிரெஞ்சுப் போரால் ஐரோப்பியப் பயணம் அடைபட்டு, ஆங்கிலச் சீமான்கள் வேல்ஸ் மலைகளுக்குத் திரும்பிய காலம். நியூகாசில் எம்லின் விடுதிச் சமையலறைப் படமும் உண்டு. சக்கரத்துக்குள் நாய் ஓடி இறைச்சிக் கம்பியைச் சுழற்றும். அத்தகைய விடுதியை நடத்தும் பெண்ணை எப்படிச் சொல்வது? ‘சத்திரக்காரி’ மனத்துக்கு ஒப்பவில்லை. அப்பெண்கள் அணியும் ‘பெட்கூன்’ மேலாடைக்கும் சொல் தேவை.

— வரலாற்று ஆசிரியை

> ‘சத்திரக்காரி’ மனத்துக்கு ஒப்பவில்லை

அம்மா, ஒப்பாததே சரி. சத்திரத்தில் சோறு அறமாகக் கிடைக்கும். அங்கே காசு கொடுத்தால்தான் படுக்கையும் பியரும். ‘விடுதி’ நல்ல சொல். விடு என்பதே வேர்; குதிரையையும் சுமையையும் விட்ட இடம். ‘வீடு’ம் அதே வேரில் கிளைத்ததுதான். கணவன் இறந்தபின் விடுதியைத் தாமே நடத்திய பெண்கள் அந்நாட்டில் உண்டு. எனவே உரிமை தொனிக்க வேண்டும். கிழமை என்றால் உரிமை. மனைக்கிழத்தி போல ‘விடுதிக்கிழத்தி’. மேலாடைக்கு, யவனர் அணிந்ததாக நப்பூதனார் முல்லைப்பாட்டில் பாடிய ‘மெய்ப்பை’ இருக்கிறதே!

— புலவர்

> ‘விடுதிக்கிழத்தி’

ஐயா, மாணவர் காதில் அது கிழவி என்றே விழும். ‘விடுதிக்காரி’ போதும். மெய்ப்பை உடலை மூடும் சட்டை. பெட்கூனோ முன்புறம் திறந்து, பின்னால் வால்போல் தொங்குவது. அடியில் கோடுபோட்ட ஃபிளானல் பாவாடை தெரியும். ஆங்கிலப் படுக்கையுடையின் பெயரிலிருந்து வந்தாலும் பகலில் வேலைக்கு அணிந்தது. ஒலிபெயர்த்து ஒரு வரி விளக்கம் கொடுங்கள்.

— மொழிபெயர்ப்பாளர்

இருவரும் தொப்பியை விட்டுவிட்டீர்கள். படக்குறிப்பில் ‘உயர்தொப்பி’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள். இன்று வேல்ஸின் அடையாளமாகிவிட்ட நெடிய கறுப்புத் தொப்பி 1830-ஐ ஒட்டியே பரவியது. ரோலண்ட்சன் காலத்துப் பெண்கள் அணிந்தது ஆண்களுடையதைப் போன்ற தாழ்ந்த, அகன்ற விளிம்புத் தொப்பி. நாட்டுப்புறப் பெண்களின் உடையை நாட்டின் உடையாகப் போற்றிய அகஸ்டா ஹால், அதை ஆதரித்து எழுதிய கட்டுரைக்குக் கார்டிஃப் கலைவிழாவில் பரிசு பெற்றதே 1834-இல்தான். பின்னாள் உடையை முன்னாள் படத்தின் மேல் ஏற்றினால் வரலாறே பிசகும்.

— ஓவிய ஆர்வலர்

‘காரி’ சற்றே கீழிறக்குகிறது. பால்காரி, கூலிக்காரி வரிசையில் போய் நிற்கும். ‘விடுதித் தலைவி’?

— இன்னொருவர்

தலைவி என்றால் தோழியும் வந்துவிடுவாள். அகத்திணையை இங்கே இழுக்க வேண்டாம். ‘விடுதி நடத்துநர்’ பேருந்தில் சீட்டுக் கொடுப்பவரை நினைவூட்டும். ‘விடுதிக்காரி’க்கே என் ஒப்புதல்.

— மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் நன்றி. பெரும்பான்மைப்படி ‘விடுதிக்காரி’, ‘பெட்கூன்’, ‘அகல்விளிம்புத் தொப்பி’ என்று படக்குறிப்புகளை முடித்துவிட்டேன்.

— வரலாற்று ஆசிரியை

என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். முதலாளியாக இருந்த பெண்ணை வேலைக்காரி வரிசையில் வைத்திருக்கிறோம். கிழமை என்ற சொல்லை மாணவருக்கு நாம் சொல்லித்தராவிட்டால் வேறு யார் தருவார்?

— புலவர்