எற்பாடு என்று எழுதினேன், ஏற்பாடு ஆகிவிட்டது

ரோஸ்ஹில்காரி:
புதுச்சொல்லைப் பயன்படுத்திப் பார்த்தபோது என்ன ஆனது என்றால், எனக்குத் தமிழ் வகுப்பில், வாக்கியத்தில் அமைத்து எழுதச் சொல்வார்களே, அதில் நடந்தது. ஒரு நாளைப் பிரிக்கும் சிறுபொழுது ஆறையும் அப்பா சொல்லித் தந்திருந்தார். கடல் சார்ந்த நெய்தல் நிலத்துக்கு எற்பாடு, பிற்பகல் 2 முதல் 6 மணி வரை. எல் என்றால் சூரியன், பாடு என்றால் சாய்வது. மொரிசியஸின் மேற்குக் கரையைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? ‘எற்பாட்டில் பிளிக் ஆன் பிளாக் கடற்கரைக்குப் போனோம்’ என்று எழுதினேன். தாள் திரும்பி வந்தபோது எகரத்துக்குச் சிவப்பு மையில் கால் இழுத்து ஏகாரமாக்கியிருந்தார் ஆசிரியர். அழுத்தின அழுத்தில் மை பின்பக்கம் வரை ஊறியிருந்தது. ஓரத்தில் ஒரு கேள்வி: ‘யாருடைய ஏற்பாட்டில்?’

போர்ட் லூயி தம்பி:
எனக்கு வேறு மாதிரி, அக்கா. இங்கே எல்லோரும் பேசும் கிரியோல் மொழியில் பிப்பங்காய் என்றே சொல்லிப் பழகியவன். பீர்க்கங்காய் என்று வகுப்பில் படித்த அன்றே சந்தையில் ‘பீர்க்கங்காய் ஒன்று கொடுங்க’ என்றேன். காய்க்காரப் பெரியவர் கையிலிருந்ததைத் தராசில் வைக்காமல் அப்படியே நின்றார். ‘பீர்க்கு’ என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். ‘அம்மா சொல்வது’ என்றார், அதையும் கிரியோலில்.

காத்ர் போர்ன் டீச்சர்:
ஆசிரியரை மட்டும் குறை சொல்வது சரியில்லை, தங்கச்சி. ஒரு கட்டுத் தாளைத் திருத்துகிறவர் கண்ணுக்கு எற்பாடு எழுத்துப்பிழையாகத்தான் தெரியும். எகரத்துக்குப் புள்ளி வைத்த காலம் போய், ஏகாரத்துக்குக் கால் வந்ததே 18ஆம் நூற்றாண்டில், வீரமாமுனிவர் செய்த மாற்றம். அந்த ஒரு கோட்டை நம்பி அரிய சொல்லைத் தனியே விடக்கூடாது. பக்கத்தில் துணை வையுங்கள். ‘வெயில் சாயும் எற்பாட்டில்’ என்றால் யாரும் கை வைக்க மாட்டார்கள். அப்புறம், அதே சொல்லை அந்த வாரமே வீட்டில் நாலு தடவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தாளில் மட்டும் எழுதின சொல் தங்காது. பிள்ளைகளுக்கும் முதலில் பேச்சு, பிறகு எழுத்து. என் கதை சின்னது. ‘வைகறையில் காவடி புறப்படும்’ என்று கோவில் பலகையில் எழுதினேன். அது எந்த ஆற்றங்கரை என்று மூன்று பேர் கேட்டார்கள்.

ரோஸ்ஹில்காரி:
துணைச்சொல் சரி, டீச்சர். ஆனால் கடற்கரை பக்கத்திலேயே இருந்ததே. என்ன சொல் இது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.