தரம் 7 பெற்றோர் குழு: மரவேலை அறையைத் திறக்கலாமா?

நளாயினி: அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் நடக்கிறது. பூட்டிக் கிடக்கும் மரவேலை அறையைத் திறந்து, அதிலேயே சித்திர வகுப்புக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாமா என்று அதிபர் கேட்டிருக்கிறார். உங்கள் கருத்து?

முகுந்தன்: அக்கா, ரியூஷனுக்கே நேரம் போதவில்லை. இதில் உளியும் சுத்தியலும் வேறா? பிள்ளை விரலை வெட்டிக்கொண்டால் யார் பொறுப்பு?

சரோஜா ரீச்சர்: தம்பி, புதிதாக எதுவும் கேட்கவில்லை. தரம் 6 முதல் 9 வரை 'செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள்' என்ற பாடம் ஏற்கெனவே இருக்கிறது. மகனின் கொப்பியைத் திறந்து பாருங்கள். மரம் அரியும் வாளின் படம் வரைந்து பாகங்களைக் குறித்திருப்பான். வாளைக் கையால் தொட்டிருக்க மாட்டான்.

முகுந்தன்: பார்த்தேன். மரம் இழைக்கும் சீவுளிக்கு வர்ணம்கூடத் தீட்டியிருக்கிறான் 😄

ரிஸ்வானா: எங்கள் வீட்டில் அந்தப் படத்தை வரைந்து கொடுத்தது வாப்பா!

சரோஜா ரீச்சர்: சாதாரண தரத்தில் 'வடிவமைப்பும் நிர்மாணத் தொழினுட்பமும்' இருக்கிறது. ஆனால் தகவல் தொழினுட்பம் இருக்கும் அதே தொகுதியில்தான் அதுவும் வருகிறது, ஒன்றைத்தான் எடுக்கலாம். கணினியை விட்டு மரத்தை எடு என்று இந்தக் குழுவில் யார் சொல்வீர்கள்? தரம் 9க்குள் கை பழகினால்தான் உண்டு.

பாலா மாமா: 1972 கல்விச் சீர்திருத்தத்தில் எங்களுக்குக் கைத்தொழில் பழக்கும் தொழின்முன்னிலைப் பாடங்கள் வந்தன. 1977இல் ஆட்சி மாறியது, அவையும் போயின. அப்போது நான் செய்த முக்காலி இன்றும் ஆடாமல் நிற்கிறது. பெருமை எனக்கில்லை, மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது.

முகுந்தன்: மாமா, "அவர்கள் பிள்ளை டொக்டர், நம் பிள்ளை தச்சனா" என்று சனம் கேட்டதால்தானே அதை எவரும் விரும்பவில்லை?

பாலா மாமா: அதுவும் ஒரு காரணம். மறுக்கவில்லை.

சரோஜா ரீச்சர்: பின்லாந்தில் 1866இலேயே கைவேலையைப் பாடசாலைக்குள் கொண்டுவந்தார்கள். தொழில் தேடிக் கொடுக்க அல்ல, எழுத்தும் கணக்கும் போலப் பொதுக் கல்வியாக. நாம் அதைப் 'படிக்காத பிள்ளைக்கு' என்று ஒதுக்கிவைத்தோம். கோளாறு அங்கேதான்.

செல்வம் பாஸ்: வணக்கம். என் தொழிலே தச்சுவேலைதான் என்பதால் சொல்கிறேன். முகுந்தன் அண்ணா, விரலை வெட்டுவது பெரும்பாலும் மழுங்கிய உளி. அதை அழுத்தித் தள்ள வேண்டும், தள்ளும்போது வழுக்கும். தீட்டிய உளி சொன்ன இடத்தில் நிற்கும். அந்த அறையை எட்டிப் பார்த்தேன். கடற்காற்றில் சீவுளி எல்லாம் துருப்பிடித்துவிட்டது. தீட்டி எண்ணெய் பூசினால் பாதியாவது தேறும்.

நளாயினி: பாஸ், முதலில் என்ன செய்யக் கொடுப்பீர்கள்?

செல்வம் பாஸ்: இரண்டு சட்டங்களைக் குறுக்காகப் பொருத்தச் சொல்வேன். ஒவ்வொன்றிலும் பாதித் தடிப்பை வெட்டியெடுத்து, ஒன்றில் மற்றதை இறக்க வேண்டும். கோட்டின் மேலேயே அரிந்தால் பொருத்து ஆடும். கழிக்கிற பக்கமாக, கோடு மிஞ்சும்படி அரிய வேண்டும். அரை மில்லிமீற்றர் எவ்வளவு என்று பிள்ளைக்கு அன்றுதான் தெரியும்.

முகுந்தன்: அதற்குத்தானே மாதாமாதம் கணக்கு ரியூஷனுக்குக் கட்டுகிறேன்!

ரிஸ்வானா: மரத்துக்கு எவ்வளவு செலவாகும்?

செல்வம் பாஸ்: தேக்கு வேண்டாம். பலாவும் பழகாத கைக்குக் கடினம். மலைவேம்பு நல்லது, இல்லையென்றால் சரக்குத் தட்டு உடைத்த பைன் பலகை. அதில் 'HT' என்ற முத்திரையைப் பார்த்து எடுங்கள், அது சூடாக்கிப் பதப்படுத்தியது. 'MB' என்றிருந்தால் புகைமருந்து அடித்தது, பிள்ளைகளுக்கு வேண்டாம். துண்டு மரம் கேட்க, தளபாட வேலைக்குப் பெயர்போன மொறட்டுவைக்கு நானே போகிறேன்.

ரிஸ்வானா: சித்திரத்தை மறந்துவிடாதீர்கள். சிகிரியா ஓவியத்தைப் பற்றிப் பந்தி பந்தியாக எழுதுகிற பிள்ளை, ஒரு நல்ல ஓவியத்தின் முன்னால் நின்றதில்லை. கொழும்பு பார்ன்ஸ் பிளேஸில் சப்புமல் பவுண்டேஷன் என்ற ஓவியக் காட்சியகம் இருக்கிறது, ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு. 1943இல் சேர்ந்த '43 குழு' ஓவியர்களின் படங்களை அங்கே கிட்ட நின்று பார்க்கலாம், தூரிகை போன தடம்கூடத் தெரியும். வெள்ளவத்தையிலிருந்து எவ்வளவு தூரம்? அழைத்துப்போக நான் தயார்.

நளாயினி: நல்லது தங்கச்சி, அதையும் சேர்க்கிறேன். பாஸ், கிழமைக்கு ஒரு நாள் வருவீர்களா?

செல்வம் பாஸ்: வருவேன். பாட ஆசிரியர் கூடவே நிற்க வேண்டும், புள்ளி போடுவது என் வேலையல்ல. ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் முடியாது. பெண் பிள்ளைகளைப் பார்வையாளராக உட்காரவைத்தால் நான் வரமாட்டேன்.

முகுந்தன்: விபத்துக் காப்புறுதியை எழுத்தில் கேளுங்கள் அக்கா. அது வரும்வரை நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

நளாயினி: சரி தம்பி, குறித்துக்கொண்டேன். பாஸ், வாங்க வேண்டிய சாமான்களை எழுதித் தாருங்கள்.

செல்வம் பாஸ்: முதலில் பலகையை இறுக்கிப் பிடிக்கும் வைஸ். அது இல்லாவிட்டால் பிள்ளை பலகையை மற்றக் கையால் பிடிக்கும், உளி அந்தக் கையில்தான் இறங்கும். முகுந்தன் அண்ணா பயப்படுவது நியாயம். உளிக்குக் காசு செலவழிக்க வேண்டாம், இருப்பதைத் தீட்டித் தருகிறேன்.