அமெரிக்கன் பெரிய கார்களின்ர அந்த மெத்தை ஓட்டம் ஏன் இப்ப ஒண்டிலயும் இல்லை? (அம்மாவுக்காகக் கேக்கிறன்)

வெள்ளவத்தை_மகன்:

எல்லாருக்கும் வணக்கம். கனநாளா கேக்க நினைச்ச விசயம். போன வருசம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ரொரன்ரோவுக்கு மாமா வீட்ட போனனான். அம்மாவுக்கு 71 வயசு, நாரியில ஒப்பரேசன் செய்தது, இங்க வெள்ளவத்தையில இருந்து கொள்ளுப்பிட்டிக்குப் போறதுக்குள்ளயே நாலைஞ்சு தரம் "மெதுவா ஓடு தம்பி" எண்டு சொல்லுவா. அங்க மாமான்ர கூட்டாளி ஒராள் தன்ர பழைய லிங்கன் டவுன் கார்ல எங்களை நயாகராவுக்குக் கூட்டிக்கொண்டு போனவர். 2007 மொடல், கறுப்பு. அம்மா பின்சீற்றில காலை நல்லா நீட்டிக்கொண்டு இருந்தா, அரைமணித்தியாலத்தில நித்திரையாப் போட்டா. நான் திரும்பிப் பாக்கிறன், மடியில தண்ணிப்போத்தல், கையை அதுக்கு மேல வச்சபடி நித்திரை, பாலத்து மூட்டுகள் வரேக்க போத்தலுக்குள்ள தண்ணி மட்டும் லேசா ஆடுது. ஒப்பரேசனுக்குப் பிறகு அவ காருக்குள்ள நித்திரை கொண்டதை அண்டைக்குத்தான் முதல்முதலாப் பாத்தன்.

இங்க என்ர கார் ஜப்பான் ஹைபிரிட், 17 இஞ்சி ரிம், ரயர் 215/45. பாக்க வடிவு, ஆனா ஒவ்வொரு குழியும் நாரியில நேர வந்து அடிக்குது. கூட்டாளிமாரின்ர புதுக் கார்கள், என்ர காரை விட ரெண்டு மூண்டு மடங்கு விலை, அதுகளிலயும் ஏறிப்பாத்தன், அந்தச் சுகம் இல்லை. அந்தக் கார்ல அப்பிடி என்ன செய்து வச்சிருக்கிறாங்கள்? வெறும் பெரிசு எண்டதாலயா? யாழ்ப்பாணத்துக்கு, நல்லூர்த் தேருக்கு அம்மாவை ஏ9 றோட்டால கூட்டிக்கொண்டு போகவேணும், 400 கிலோமீற்றர் கிட்ட. அதான் தலைக்குள்ள ஓடிக்கொண்டே இருக்கு.

கல்கிசை_இஞ்சினியர்:

பெரிசும் ஒரு காரணம்தான் தம்பி, முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில 3 மீற்றர் கிட்ட இருக்கு, ரெண்டு சில்லுக்கும் நட்ட நடுவில ஆக்கள் இருக்கினம், அதால தூக்கிப்போடுறது குறைவு. ஆனா முதல்ல ரயரைப் பாருங்கோ. அதுவும் 17 இஞ்சி ரிம்தான், ஆனா ரயர் 225/60. முதல் நம்பர் ரயரின்ர அகலம் மில்லிமீற்றரில, மற்றது அந்த அகலத்தில எத்தினை வீதம் ரப்பர் உயரம் எண்டது. கணக்குப் போட்டா ரிம்முக்கும் றோட்டுக்கும் இடையில 135 மில்லிமீற்றர் ரப்பரும் காத்தும். உங்கட 215/45ல 97 மில்லிமீற்றர்தான். சின்னக் குழியை முதல்ல விழுங்கவேண்டியது ரயர்தான், ஸ்பிரிங்குக்கு வேலை வாறது அதுக்குப் பிறகு.

மற்றது, சேஸி தனிய, பொடி தனிய. லொறி மாதிரி இரும்புச் சட்டத்துக்கு மேல பொடியை ரப்பர் மவுண்டுகளில இருத்தியிருப்பாங்கள், றோட்டுச் சத்தம் அந்த ரப்பரைத் தாண்டித்தான் உள்ள வரவேணும். ஸ்பிரிங்கும் சரியான இளக்கம், ஒருக்கா அமத்தி விட்டா செக்கனுக்கு ஒருதரம் போலத்தான் ஏறி இறங்கும். ஏணையில பிள்ளையை ஆட்டுறதும் கிட்டத்தட்ட அந்தத் தாளம்தானே.

இது தற்செயலா வந்ததெண்டு நினைக்காதேங்கோ. மொறிஸ் ஒலி எண்டு ஒராள் 1930ல றோல்ஸ் றொய்ஸை விட்டுட்டு அமெரிக்காவின்ர கடிலாக் கார் கொம்பனிக்கு வந்தவர். 1932ல ஒரு லிமோசினுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் நகத்தக்கூடிய பாரங்களைக் கட்டி, ஸ்பிரிங்கையும் மாத்தி மாத்திப் போட்டு, ஆக்களை ஏத்தி ஓடிப்பாத்தவை, எது சுகமா இருக்கெண்டு ஏறின ஆக்களே சொல்லவேணும். அதில கண்டது என்னெண்டா, முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கை விட இளக்கமா இருக்கவேணும். முன் சில்லுதான் குழியில முதல் விழுறது, பின் சில்லு கொஞ்சம் பிந்தித்தான். பின்பக்கம் கொஞ்சம் கெதியா ஆடினா முன்பக்கத்தை எட்டிப் பிடிச்சிடும், அப்ப கார் தலையாட்டாமல் மட்டமா ஏறி இறங்கும். முன்பக்கத்தை அந்தளவு இளக்கிறதுக்குப் பழைய அக்சில் சரிவராது எண்டுதான் 1934ல முன் சில்லு ரெண்டையும் தனித்தனியாத் தொங்க விட்டவை. உங்கட அம்மா நித்திரை கொண்டதுக்கு 90 வருசத்துக்கு முந்தின அந்த வேலையும் ஒரு காரணம்.

பஞ்சிகாவத்தை_நானா:

இத வாசிச்சதும் வாப்பாட ஞாபகம் வந்திச்சி. அவர் சின்ன வயசில பிளிமத், செவர்லே எல்லாத்துலயும் கைவெச்ச மனிசன். அந்தக் காலம் இலங்கைக்கி வந்த அமெரிக்கன் கார்ல கனக்க, கனடாவுல ஃபெக்டரி போட்டு, பிரிட்டிஷ்காரன்ட நாடுகளுக்கெண்டே வலது பக்கம் ஸ்டியரிங் வெச்சி அனுப்பினது, வரியும் குறைவு. முன்னுக்கு ஒரே நீட்டு சீட்டு, மூணு பேர் தாராளமா குந்தலாம்.

அந்தக் கார்கள்ல பின்னுக்கு லீஃப் ஸ்பிரிங். வாப்பா அத தகடு தகடா கழட்டி, கம்பி பிரஷ்ஷால கறள் எடுத்து, ஒவ்வொரு தகட்டுக்கு நடுவுலயும் கிரபைட் கிரீஸ் பூசித்தான் திரும்பக் கட்டுவார். "தகடு ஒண்டோட ஒண்டு வழுக்கோணும், இல்லாட்டி அது ஸ்பிரிங் இல்ல, இரும்புக் கட்டை" எண்டு சொல்லுவார். எழுபதுகள்ல இறக்குமதிய இறுக்கினப்ப சாமான் ஒண்டும் வரல்ல, ரப்பர் புஷ் எல்லாம் இங்கயே கடைசல்ல வெட்டிப் போட்டுத்தான் அந்தக் கார்கள ஓட வெச்சாங்க.

தம்பி, டவுன் கார இங்க கொண்டுவார யோசனை ஈந்தா விட்டுடுங்க. இடது பக்கம் ஸ்டியரிங், அதுவும் 2011ஓட செய்யிறத நிப்பாட்டின வண்டி, இறக்குமதிக்கி வயசெல்லையும் ஈக்கி, சிசி பாத்துத்தான் வரியும் போடுறாங்க. காசி ஈந்தாலும் சரிவராது.

பெஜோ_504:

மன்னிக்கவேணும், நான் கொஞ்சம் வேற மாதிரிச் சொல்லப்போறன். எனக்கு அந்தக் கார்கள் ஒத்துவரேல்லை. நேர் றோட்டில சொர்க்கம், ஓம். வளைவு வந்தா வள்ளம். ஒருக்கா அப்பிடியொரு காரில பின்னுக்கு இருந்து மலைப்பக்கம் போய் எனக்கு ஒரே வயித்தைப் பிரட்டல். இளக்கம் மட்டும் காணாது, ஆடத் தொடங்கினதை நிப்பாட்டவும் வேணும், அது சொக் அப்சோபரின்ர வேலை. கடுகண்ணாவை ஏத்தத்தில அந்த மாதிரி ஒரு காரை நினைச்சுப்பாருங்கோ.

எங்கட வீட்ட பெஜோ 504 நிண்டது, 1968ல வந்த மொடல். டவுன் காரின்ர பாதி நீளம் எண்டு சொல்லேலாது எண்டாலும் எவ்வளவோ சின்னக் கார், ஆனா மன்னார் றோட்டுக் குழி ஒண்டும் உள்ள தெரியாது, வளைவிலயும் பிடிச்சு நிக்கும். ஆப்பிரிக்காவில அவ்வளவு ஓடினது சும்மாவே? பெற்றோலையும் யோசியுங்கோ, டவுன் கார் டவுனுக்குள்ள 100 கிலோமீற்றருக்கு 14, 15 லீற்றர் குடிக்கும். 2022ல பெற்றோல் தட்டுப்பாட்டில கியூஆர் கோட்டுக்கு கிழமைக்கு 20 லீற்றர் தந்தவங்கள், அதை வச்சு அந்தக் கார் 140 கிலோமீற்றர் ஓடுறதே கஷ்டம்.

லிமோ_அண்ணை:

பெஜோ தம்பி சொல்லுறதில பிழை இல்லை, வளைவுக்கு அது சரிவராது. ஆனா நான் ரொரன்ரோவில 14 வருசம் எயார்போட் லிமோ ஓடிப்போட்டு இப்ப தெஹிவளையில இருக்கிறன், மூண்டு டவுன் கார் மாத்தினனான், அதால கொஞ்சம் சொல்லவேணும்.

அதைச் செய்தவங்கள் பின்சீற்றில இருக்கிற ஆளைத்தான் நினைச்சுச் செய்தவங்கள். இப்ப வாற கார்கள் எல்லாம் ஓடுற ஆளுக்காக, அவருக்குத் திருப்பேக்க உசாரா இருக்கவேணும், ரிம் பெரிசா வடிவா தெரியவேணும். டவுன் காரில 4.6 லீற்றர் வி8 இருந்தும் ஆருக்கும் சத்தம் கேக்காது. டிக்கிக்குள்ள நாலு பெரிய சூட்கேசை வைக்கலாம். பின்னுக்குக் காத்துப் பை ஸ்பிரிங், பாரம் ஏத்தினாலும் கம்பிரசர் காத்தடிச்சுப் பின்பக்கத்தை மட்டத்துக்குக் கொண்டுவந்திடும். அடிப்படைச் சேஸி 1979ல தொடங்கினது, கிறவுண் விக்ரோறியா பொலிஸ் காருக்கும் அதேதான், அதால எந்தக் கராஜிலயும் சாமான் இருக்கும். 2011ல ஒன்ராறியோ சென்ற் தோமஸ் ஃபக்டரியை மூடேக்க எங்கட ஆக்கள் கனபேர் கடைசி வண்டிகளைத் தேடித்தேடி வாங்கினவை.

எனக்கு ஒரு வாடிக்கை இருந்தவ, வயசான அம்மா, டயலிசிசுக்குக் கிழமைக்கு மூண்டு நாள். வரேக்க உடம்பு தாங்காது அவவுக்கு. அவவைக் கூட்டிக்கொண்டு போய்த்தான் பிரேக் பிடிக்கப் பழகினனான். கார் நிக்கிறதுக்கு ஒரு அடிக்கு முதல் பிரேக்கில இருந்து காலை ஒரு நூல் அளவு எடுக்கவேணும், அப்ப மூக்கு முன்னுக்குக் குத்தாது, கார் நிண்டதே தெரியாது. இளக்கமான காரை முரட்டுத்தனமா ஓடினா ஆரும் சத்தி எடுப்பினம், பெஜோ தம்பிக்கு நடந்தது அதுவாயும் இருக்கலாம்.

மகன், உங்களுக்கு லிங்கன் தேவையில்லை. ரிம்மை மாத்துங்கோ. 15 இஞ்சி, 195/65 ரயர் போட்டா ரப்பர் உயரம் 97ல இருந்து 127 மில்லிமீற்றர் ஆகும், ரயரின்ர முழு விட்டம் 1 சென்ரிமீற்றர் கூட மாறாது, அதால ஸ்பீடோமீற்றரும் பெரிசாப் பிழைக்காது. பிரேக் கலிப்பர், அதுதான் பிரேக் கட்டையைப் பிடிச்சிருக்கிற பகுதி, 15 இஞ்சி ரிம்முக்குள்ள முட்டுதோ எண்டு முதல்ல ஒரு சில்லை மட்டும் போட்டுச் சுத்திப் பாருங்கோ. ரயரில இருக்கிற, எவ்வளவு பாரம் தாங்கும் எண்டு காட்டுற லோட் நம்பர் பழைய ரயரின்ர நம்பரை விடக் குறையக்கூடாது. காத்து, கதவில ஒட்டியிருக்கிற அளவுதான், ரயர் கடைக்காரன் 40 பிஎஸ்ஐ அடிச்சு விட்டா விடாதேங்கோ.

வெள்ளவத்தை_மகன்:

எல்லாருக்கும் நன்றி, நானா, உங்கட வாப்பான்ர கதைக்கு விசேசமா. பஞ்சிகாவத்தைக்குப் போய் பாவிச்ச 15 இஞ்சி ரிம் செட் ஒண்டு எடுத்தன், கலிப்பர் முட்டேல்லை, சின்ன விரல் போற இடைவெளி இருக்கு. பழைய ரயரில காத்தைப் பாத்தா லிமோ அண்ணை சொன்ன மாதிரியே, 33 இருக்கவேண்டிய இடத்தில 40 நிண்டது, எத்தினை மாதமா அப்பிடி ஓடினனோ தெரியாது.

நேற்றுப் பின்னேரம் அம்மாவை ஏத்திக்கொண்டு பம்பலப்பிட்டிக் கோயிலுக்குப் போட்டு வந்தன். டவுன் கார் மாதிரி இல்லை, அதைச் சொல்லத்தான் வேணும். ஆனா வெள்ளவத்தைப் பாலத்தடியில அம்மா வழமையா மேல இருக்கிற பிடியைப் பிடிச்சுக்கொண்டுதான் இருப்பா, நேற்று கை மடியிலயே இருந்தது, கோயில் பூவைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு வந்தா. பிரேக்கில ஒரு நூல் அளவு காலை எடுக்கிறது எனக்கு இன்னும் சரியா வரேல்லை, பழகுறன். அண்ணை, யாழ்ப்பாணம் போற வழியில எங்க எங்க நிப்பாட்டினா அம்மாவுக்கு நல்லம்? தம்புள்ளை மட்டும் ஒரே ஓட்டமா போகலாமோ, இல்லாட்டி குருணாகலிலயே ஒருக்கா இறக்கி நடக்க விடட்டோ?