முழங்காற் சில்லுக்குக் கீழே புடைப்பு: 13 வயதுப் பிள்ளைக்கு முழு ஓய்வு கொடுப்பதா?

உவர்மலை கோச் கேட்டது:
வணக்கம். உதைபந்தாட்ட அணியில் 13 வயதுப் பையன். இரண்டு மாதமாக வலது முழங்காலில் நோ, சில்லுக்குக் கீழே கணைக்கால் எலும்பு தொடங்குகிற இடத்தில். அந்த இடம் புடைத்திருக்கு, விரல் வைத்து அழுத்தினால் துள்ளுகிறான். ஓடும்போதும் பந்தை ஓங்கி அடிக்கும்போதும் கூடுது. இந்த வருசம் மளமளவென்று உயர்ந்திட்டான். பாடசாலை அணி, கழக அணி இரண்டிலும் சேர்த்துக் கிழமைக்கு 6 நாள் விளையாட்டு. எக்ஸ்றே எடுத்து "ஒஸ்குட்-ஷ்லாட்டர்" என்று எழுதிக் கொடுத்திருக்கினம். வீட்டில் எண்ணெய் போட்டு உருவுகினம். ஆறு மாதம் விளையாட்டே வேண்டாம் என்கிறார் ஒருவர், ஒன்றுமில்லை விளையாடட்டும் என்கிறார் இன்னொருவர். வலய மட்டப் போட்டியும் கிட்டுது. என்ன செய்யலாம்?

பிசியோ திருமலை:
முதலில் உருவுவதை நிறுத்தச் சொல்லுங்கோ. முன்தொடைத் தசை முழுக்கச் சில்லைத் தாண்டி ஒரே தசைநாணாகத்தான் அந்த எலும்பு மேட்டில் வந்து பிடிக்குது. இந்த வயதில் மேடு இன்னும் முழு எலும்பாகவில்லை, குருத்தெலும்பாகத்தான் இருக்கும். எலும்பு வேகமாக நீளும் காலத்தில் தசை இறுகி நிற்கும், ஒவ்வொரு ஓட்டமும் உதையும் குருத்தை இழுக்கும். அது ஆறமுதலே மறுநாளும் இழுத்தால் நோவும் புடைப்பும் வராமல் என்ன செய்யும்? 1903இலேயே அமெரிக்காவில் ஒஸ்குட்டும் சுவிற்சர்லாந்தில் ஷ்லாட்டரும் தனித்தனியே விவரித்த நோய் இது. உருவினால் நொந்த மேடு இன்னும் எரியும், இழுவை குறையாது.

ஆறு மாதம் சும்மா இருத்தவும் வேண்டாம். தொடை மெலிந்துவிடும், திரும்பி வந்த முதற் கிழமையே நோவும் திரும்பும். சுமையை அளந்து கொடுப்பதுதான் இதற்கு வைத்தியம்.

நோவை 0 முதல் 10 வரை சொல்லப் பழக்குங்கோ. பயிற்சியில் 3ஐத் தாண்டக் கூடாது. கூடின நோவும் மறுநாள் காலை பழைய அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். அணியில் இருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் பிள்ளைகள் நோவை ஒளிப்பார்கள். அதனால் வாயால் மட்டும் கேட்காமல், ஒரு படியில் நொந்த காலில் நின்று மற்றக் காலை மெதுவாகக் கீழே இறக்கச் சொல்லி முகத்தைப் பாருங்கோ.

முதல் 4 கிழமை வேக ஓட்டம், பாய்ச்சல், ஓங்கி அடித்தல் மூன்றும் இல்லை. நிலத்தில் கால் நீட்டி இருந்து, முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துவாயை வைத்து, தொடையை இறுக்கித் துவாயைக் கீழே அமத்த வேண்டும். 30 செக்கன் பிடித்து விடுவது, 10 தரம், ஒவ்வொரு நாளும். மல்லாந்து படுத்துக் கால் மடக்கி இடுப்பைத் தூக்குவது 10 தரமாக 3 முறை. 5ஆம் கிழமையில் இருந்து சுவரில் முதுகு சாய்த்துக் குந்தல். முதலில் பாதியளவு மடக்கினால் போதும், நோ விடுகிற அளவுக்குத்தான் கீழே இறங்குவது. அதன் பிறகு ஒரு காலை முன்வைத்துத் தாழ்வது. இவை ஒருநாள் விட்டு ஒருநாள். மெல்லோட்டம், பிறகு திசை திரும்பி ஓடுதல், பந்தை ஓங்கி அடிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி.

டென்மார்க்கில் 10 முதல் 14 வயது வரையான 51 பிள்ளைகளுக்கு இந்த மாதிரித் திட்டம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2020இல் வந்தது. 12 கிழமையில் 80 வீதமானவர்கள் நல்ல முன்னேற்றம் என்றார்கள். ஆனால் அதற்குள் பழையபடி முழுதாக விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் கொஞ்சப் பேர்தான். வலயப் போட்டியை அதற்கேற்ப யோசியுங்கோ. போட்டிக்காக ஸ்டீரோயிட் ஊசி ஏற்ற யாரும் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கோ. தோல் மெலியும், தசைநாண் பலவீனமாகும்.

பிசியோ அக்கா:
மேலே தம்பி சொன்னதெல்லாம் சரி. ஆனால் எக்ஸ்றேச் சீட்டோடு நிற்காமல் நோகிற இடத்தை ஒரு விரலால் காட்டச் சொல்லுங்கோ. கணைக்கால் மேட்டைக் காட்டினால் இந்த நோய்தான். சில்லின் கீழ் நுனியைக் காட்டினால் அதே இழுவை மேற்பக்கத்தில் நடக்குது, பராமரிப்பு ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளங்கையால் சில்லைச் சுற்றித் தடவி "இங்கதான்" என்றால், அதோடு படி இறங்கவும் வகுப்பில் கன நேரம் இருந்து எழும்பவும் நொந்தால், சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையிலான நோ. வலைப்பந்து விளையாடும் பெண் பிள்ளைகளிடமும், அரைமண்டியில் முழங்கால் உள்ளே சாயும் பரதப் பிள்ளைகளிடமும் இதைத் தேடிப் பாருங்கோ. அதற்குப் பக்கவாட்டில் படுத்துக் கால் தூக்குவது போன்ற இடுப்புப் பயிற்சியையும் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

முழங்காலில் தொட்டு நோகும் இடமே இல்லை, ஆனால் பிள்ளை நொண்டுது, பாதம் வெளியே திரும்பி இருக்குது என்றால் இடுப்பைப் பாருங்கோ. மல்லாந்து படுக்க வைத்து முழங்காலை நெஞ்சுப் பக்கம் மடக்கும்போது தொடை தானாக வெளியே சரிந்தால், தொடை எலும்பின் தலை வளர்தட்டில் (எலும்பு நீளுகிற குருத்தெலும்புப் பகுதியில்) வழுக்கியிருக்கலாம். நடக்க விடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு. முழங்காலை மட்டும் படம் எடுத்தால் இது தவறிவிடும். பாயும்போது "டக்" என்று சத்தம் கேட்டு, நேராகக் காலைத் தூக்கவே முடியாமல் போனால் மேடு பிய்ந்திருக்கும், அதுவும் அன்றே. இரவில் நித்திரையைக் குழப்பும் நோ, காய்ச்சல், முழு மூட்டும் வீங்குவது எதுவும் ஒஸ்குட் இல்லை.

இன்னொன்று: குதிக்காலைப் பிடித்துப் பின்னால் இழுக்கிற நீட்டலை இப்போது செய்விக்காதேங்கோ. அதுவும் அந்த மேட்டையே இழுக்கும். நோ அடங்கும் வரை பின்தொடையையும் கெண்டையையும் மட்டும் 30 செக்கனாக 3 தரம் நீட்டினால் போதும்.

நிலாவெளி கோச்:
கிழமைக்கு 6 நாள் என்பதில்தான் முழுக் கோளாறும். இரண்டு கோச்சும் ஒரே கொப்பியில் எழுதுங்கோ. பாடசாலை, கழகம் எல்லாம் சேர்த்துக் கிழமைக்கு விளையாடும் மணித்தியாலம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது, 13 வயதுக்கு 13 என்பது மேல் எல்லை. நொந்த காலுக்கு அதில் பாதியே அதிகம். மூன்று மாதத்துக்கு ஒருக்கா எல்லாரின் உயரத்தையும் சுவரில் அளந்து எழுதுங்கோ. 2 சென்ரிமீற்றருக்கு மேல் ஏறினவனுக்குப் பாய்ச்சலைக் குறையுங்கோ, நோ வரும் வரை பார்த்திருக்க வேண்டாம்.

காலில் நோ என்று பையனைக் கோலுக்குள் விடாதேங்கோ. ஓட்டம் குறைவுதான், ஆனால் பாய்ந்து விழுவதும் முழங்காலில் இறங்குவதும் அங்கேதான் கூட. நின்ற இடத்தில் பாஸ், கையால் பந்து எறிதல் பழகட்டும். அணியோடு நின்றால் மனமும் உடையாது.

உவர்மலை இறக்கத்தில் ஓடவிடுகிற பழக்கம் இருந்தால் நிறுத்துங்கோ, இறங்கும்போது தொடைக்கு இழுவை கூட. உப்புவெளிக் கரையில் ஓடினால், தண்ணீர்ப் பக்கம் சரிவதால் ஒரு கால் எப்போதும் தாழவே விழும். போன பக்கமாகவே திரும்பி வரவேண்டும், அப்போதுதான் மற்றக் காலுக்கும் மாறும். மே முதல் செப்டெம்பர் வரை தரை காய்ந்து இறுகிக் கிடக்கும், நீட்டு ஸ்டட்ஸ் சப்பாத்து அப்போது வேண்டாம்.

உவர்மலை கோச்:
நன்றி. முழங்கால் பெல்ட் போடலாமா? தொழுகையில் முழங்காலை ஊன்றும்போதும் நோகுதாம்.

பிசியோ திருமலை:
சில்லுக்கும் புடைப்புக்கும் நடுவே, தசைநாணின் மேல் ஒடுக்கமான பட்டி போடலாம். சிலருக்கு நோ குறையும், ஆற வைக்காது. பெல்ட் போட்டதும் நோ இல்லை என்று முழு மட்ச் விடாதேங்கோ. தொழுகைக்கு மொத்தமாக மடித்த துணியை மேட்டுக்குக் கீழே வெற்றிடம் வருகிற மாதிரிப் போடட்டும், நோ கூடின நாளில் கதிரையில் தொழலாம். விளையாடி முடிய ஐஸைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிசம். புடைப்பு பிறகும் இருக்கும், அதைப் பற்றிப் பயமில்லை என்று தாய்க்குச் சொல்லுங்கோ. வளர்தட்டு மூடினதும் அநேகமாக நோ நின்றுவிடும்.