மறுமொழி: ஆளுமைக் கோளாறு – எதைச் சுட்டவில்லை?

ஐயா, நண்பர்களே, வணக்கம்.

Unspecified personality disorder என்ற மனநல நோய்ப்பெயருக்கு நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்க நீங்கள் முன்வைத்த "அடையாளம் காணப்படாத ஆளுமைக் கோளாறு" என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. தென்னாப்பிரிக்காவில் மெடிக்கல் எய்டுக்கு (மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு) போகும் பில்லில் ஐசிடி-10 குறியீடு, அதாவது உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டு நூலில் உள்ள குறியீடு, கட்டாயம். இங்கே டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு பாட்டி, பேரனின் பில்லில் இருந்த எஃப்60.9 என்ன என்று கேட்டார். நானும் அன்று இதே சொல்லைத்தான் சொன்னேன். "டாக்டருக்கே என்ன நோயின்னு தெரியலையா?" என்று அழுதுவிட்டார்.

டாக்டருக்குத் தெரியும். ஆளுமைக் கோளாறு இருக்கிறது என்றுதான் எழுதியிருக்கிறார். எந்த வகை என்று மட்டும் எழுதவில்லை. அப்படியானால் நாம் கேட்க வேண்டியது, எதைச் சுட்டவில்லை என்பதுதான்.

அது நூலுக்கு நூல் மாறுகிறது. எஃப்60.9-இல் விடுபட்டது வகை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறி கையேடான டிஎஸ்எம்மில், நான்காம் பதிப்பு (டிஎஸ்எம்-4) ஒரே பெயரில் வைத்திருந்ததை 2013-இல் டிஎஸ்எம்-5 இரண்டாகப் பிரித்தது. இரண்டிலுமே நோயாளிக்குத் துன்பமோ பாதிப்போ இருக்கிறது, ஆனால் அந்த நூலின் பத்து வகைகளில் எதற்கும் முழுமையாகப் பொருந்தவில்லை. ஏன் பொருந்தவில்லை என்று மருத்துவர் எழுதினால் ஒரு பெயர், எழுதாமல் விட்டால் இன்னொரு பெயர். அவசரப் பிரிவில் போதிய தகவல் கிடைக்காதபோது இரண்டாவதுதான் பயன்படும். 2022-இல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 பழைய வகைகளையே கைவிட்டு லேசு, நடுத்தரம், கடுமை என்று அளக்கிறது. அங்கே 6டி10.இசட் என்றால் விடுபட்டது கடுமையின் அளவு.

ஆகவே என் பரிந்துரை: எஃப்60.9-க்கு வகை சுட்டாத, டிஎஸ்எம்-5-இன் இரண்டாவது பெயருக்குக் காரணம் சுட்டாத, 6டி10.இசட்-க்குக் கடுமை சுட்டாத ஆளுமைக் கோளாறு. முன்சொல் மாறும், "சுட்டாத" நிற்கும்.

"குறிக்காத" போதாதா என்று அக்கா கேட்டிருந்தார். எதிர்மறையில் போதும். டிஎஸ்எம்-5-இன் முதல் பெயருக்கு "காரணம் குறித்த" என்று எழுதினால் 'காரணத்தைப் பற்றிய' என்று ஆகிவிடுகிறது. "காரணம் சுட்டிய" என்பதில் அந்தக் குழப்பம் இல்லை. அப்புறம், அப்பம் சுடுவது நினைவுக்கு வருகிறது என்ற தடை: அது சுடு, சுடாத. இது சுட்டு, சுட்டாத. சுட்டெழுத்து படித்தவர்களுக்குப் பழகிய வேர்தான்.

"கடுமை"க்குப் பதில் "தீவிரம்" வேண்டுமென்றால் சரி, மாற்றிக்கொள்ளலாம். "காணப்படாத" மட்டும் பட்டியலில் ஏற வேண்டாம் ஐயா.

டர்பனிலிருந்து,
அன்புடன்