ரூம் ஸ்ப்ரே மிதக்குது, ஜெல் உருகுது, பாத்ரூம் நாத்தம் மட்டும் போகலை: இயற்கை முறையில் வழி சொல்லுங்க

தாழம்பூ (கேள்வி)

சென்னையில் இரண்டாவது மாடி ஃப்ளாட். எட்டு மாசக் குழந்தை, ஸ்கூல் போற ரெண்டு பசங்க, வீசிங் இருக்கிற மாமியார். அதனால கடை ஸ்ப்ரே, ப்ளக்ல செருகுற லிக்விட் எல்லாத்தையும் நிறுத்தியாச்சு. வீட்லயே செஞ்சா இப்படி ஆகுது:

ஸ்ப்ரே: 200 மி.லி. தண்ணி, 15 சொட்டு எலுமிச்சைப்புல் எண்ணெய், ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா. எண்ணெய் மேல மிதக்குது. சுவத்துல புள்ளி புள்ளியா கறை. நாலு நாள்ல மூடி அடைச்சுக்கிச்சு. அடிச்சாலும் பத்து நிமிஷம்தான் வாசனை.

ஜெல்: ஜெலட்டின், தண்ணி, எண்ணெய். மத்தியானம் ஹால்ல வெச்சா கஞ்சி மாதிரி ஆகிடுது. ஒரு வாரத்துல மேல பூஞ்சை.

பாத்ரூம்: கிண்ணத்துல வினிகரும் சோடாவும் கலந்து வெச்சேன். ஒரு பிரயோஜனமும் இல்லை. இது விருந்தாளிங்க பாத்ரூம், தினமும் புழங்க மாட்டோம். சாயங்காலம் ஆனா அதிகமா அடிக்குது.

இதுபோக ஷூ ரேக், டயப்பர் கூடை, மீன் வறுத்த வாசனை. எதுல ஆரம்பிக்கிறது?

---

வடிகால்

பாத்ரூம்ல ஆரம்பிங்க. அதுக்கு வாசனைப் பொருள் எதுவும் தேவைப்படாதுன்னு நினைக்கிறேன்.

தரை ஜாலிக்குக் கீழே இருக்கிற நஹானி ட்ராப்ல எப்பவும் தண்ணி நிக்கணும், சுமார் 50 மில்லிமீட்டர் ஆழத்துக்கு. கழிவுக் குழாய்ல இருக்கிற வாயு மேல ஏறாம தடுக்கிறது அந்தத் தண்ணிதான். புழங்காத பாத்ரூம்ல அது ஆவியாகிப் போயிடும். சென்னை வெயிலுக்குச் சீக்கிரமே போயிடும். அதுக்கு மேல எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினா, கதவு மூடியிருக்கிறப்ப அது காத்தை ட்ராப் வழியாவே இழுக்கும். நாத்தம் போகட்டும்னு ஃபேனைப் போட்டு நாத்தத்தை இழுத்து விடுற கதை இது.

சோதனை: ராத்திரி ஜாலி மேல பாலித்தீன் கவரை விரிச்சு, சுத்தி டேப் ஒட்டுங்க. தரை காஞ்சிருந்தாதான் டேப் ஒட்டும். வாஷ்பேசின் ஓட்டையையும் கம்மோடையும் மூடி வைங்க. கதவைச் சாத்திடுங்க. காலையில நாத்தம் இல்லைன்னா ஒவ்வொண்ணா திறந்து பாருங்க, எதைத் திறந்ததும் வருதோ அதுதான் குற்றவாளி.

தரை ட்ராப்தான்னா ஜாலியைத் தூக்கிப் பாருங்க. சில மாடல்ல உள்ளே கவுத்து வெச்ச கிண்ணம் ஒண்ணு இருக்கும். தண்ணி மெதுவாப் போகுதுன்னு அதை யாராவது கழட்டிப் போட்டிருப்பாங்க. அது இல்லைன்னா எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் தடுப்பு நிக்காது. கிண்ணம் இருந்தா முடி, சோப்பு அழுக்கை எடுத்துட்டு ஒரு லிட்டர் தண்ணி ஊத்துங்க. பிறகு மெடிக்கல்ல கிடைக்கிற லிக்விட் பாரஃபின் ஒரு டேபிள்ஸ்பூன் மேல விடுங்க. தண்ணி மேல படலமா நின்னு ஆவியாகிறதைக் குறைக்கும். தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் விடாதீங்க, அது சிக்கெடுத்து வேற நாத்தம் கிளப்பும். தினமும் குளிக்கிற பாத்ரூமுக்கு இந்த எண்ணெய் வேலை தேவையே இல்லை.

வாஷிங் மெஷின் குழாய் சுவத்து பைப்புக்குள்ள சும்மா சொருகியிருக்கான்னும் பாருங்க. அந்த இடுக்கு வழியாவும் வரும். ரப்பர் வளையம் போட்டு அடைச்சுடலாம்.

---

சோப்புப்பட்டறை

வடிகால் அண்ணன் சொன்னதை முதல்ல முடிங்க. மத்ததுக்கு நான் சொல்றேன்.

வினிகரும் சோடாவும் ஒண்ணு சேர்ந்தா நுரைக்கும், அவ்வளவுதான். அமிலமும் காரமும் ஒண்ணையொண்ணு தீர்த்துக்கிட்டு, மிச்சம் இருக்கிறது உப்புத்தண்ணி மாதிரி ஒரு கரைசல். பார்க்க வேலை செய்ற மாதிரி இருக்கும், செய்யாது. ரெண்டையும் தனித்தனியா, அதுக்கு உரிய நாத்தத்துக்குப் பயன்படுத்தணும்.

புளிச்ச பால், வியர்வை, ஷூ, வாந்தி: இதெல்லாம் அமில வகை. இதுக்கு ஆப்ப சோடா. மீன், பழைய மூத்திரம்: இது கார வகை, மீன்ல அமீன், மூத்திரத்துல அம்மோனியா. இதுக்கு வினிகர், எலுமிச்சை, புளி. மீன் கழுவின பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்கிறது இதனாலதான். மீன் கையை சோடாவுல கழுவினா வாசனை இன்னும் தூக்கலாத்தான் தெரியும்.

ஒரு எச்சரிக்கை: வினிகர், எலுமிச்சை, டாய்லெட் கழுவுற ஆசிட் எதையும் ப்ளீச்சிங் பவுடரோட சேர்க்காதீங்க. குளோரின் வாயு வரும். ஒண்ணை ஊத்தி நிறைய தண்ணி விட்டுக் கழுவின பிறகுதான் இன்னொண்ணு, முடிஞ்சா வேற நாள்ல.

இப்ப ஸ்ப்ரே. எண்ணெய் தண்ணியில கரையாது. நீங்க அடிக்கிறப்ப ஒரு தடவை வெறும் தண்ணி, அடுத்த தடவை சுத்த எண்ணெய்னு வருது, சுவத்துக் கறை அதுதான். மூடி அடைச்சது சோடா: நுனியில தண்ணி காஞ்சதும் அது படிகமா நிக்கும். ஸ்ப்ரேல சோடாவே வேணாம்.

100 மி.லி.க்கு:
- ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் 99% – 60 மி.லி.
- எண்ணெய் – 20 சொட்டு, ஏறக்குறைய 1 மி.லி.
- டிஸ்டில்டு வாட்டர் – 40 மி.லி.

வரிசைதான் முக்கியம். எண்ணெயை முதல்ல ஆல்கஹால்ல விட்டுக் குலுக்குங்க. தெளிஞ்ச பிறகு தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா சேருங்க. பால் மாதிரி வெளுத்தா தண்ணி கூடிப்போச்சு, 5 மி.லி. ஆல்கஹால் சேர்த்துக் குலுக்குங்க. எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய் சீக்கிரம் கலங்கும், எலுமிச்சைப்புல் கொஞ்சம் பரவாயில்லை. போர் தண்ணி ஊத்தாதீங்க, அதுல இருக்கிற உப்பு மறுபடியும் மூடியை அடைக்கும். பெயின்ட் கடை மெதிலேட்டட் ஸ்பிரிட்டும் வேணாம், அதுல மெத்தனால் இருக்கலாம். பாட்டில் கண்ணாடியா இருக்கட்டும். சிட்ரஸ் எண்ணெய் சில பிளாஸ்டிக்கை இளக்கிடும், தெர்மக்கோலைக் கரைச்சே விட்டுடும்.

இது தீப்பிடிக்கிற பொருள். விளக்கு ஏத்தின பூஜை அறையில, அடுப்பு எரியுறப்ப அடிக்காதீங்க.

வாசனை பத்து நிமிஷம்தான்னு சொன்னீங்க. எலுமிச்சைப்புல் சீக்கிரம் பறக்கிற எண்ணெய். 20 சொட்டுல 5 சொட்டு வெட்டிவேர் எண்ணெயாப் போடுங்க, அது மெதுவா ஆவியாகும். திரைச்சீலை, மிதியடி மேல அடிச்சா காத்துல அடிக்கிறதை விட நேரம் நிக்கும். வெள்ளைத் துணின்னா ஓரத்துல அடிச்சுக் கறை பார்த்துக்குங்க, வெட்டிவேர் எண்ணெய் பழுப்பு நிறம்.

---

மருந்துச்சீட்டு

சோப்புப்பட்டறை சார் சொன்ன அளவுகள் சரி. ஆனால் இந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

எட்டு மாதக் குழந்தை தூங்கும் அறையில் எந்த வாசனையும் வேண்டாம், இயற்கையானது உட்பட. யூகலிப்டஸ், கற்பூரம், மெந்தால் மூன்றையும் கைக்குழந்தை இருக்கும் இடத்தில் பயன்படுத்தவே கூடாது. பாத்ரூமில் கற்பூர வில்லையைத் துணியில் கட்டித் தொங்கவிடும் பழக்கம் இருந்தால் எடுத்துவிடுங்கள். தவழும் குழந்தை விழுங்கினால் வலிப்பு வரும், அரை கிராம், ஒரு கிராம் கூட ஆபத்து. பாச்சா உருண்டையும் அப்படியே. அதிலுள்ள நாப்தலீன், ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சிலருக்கு அந்தக் குறைபாடு இருப்பதே தெரியாது.

சாம்பிராணி பற்றி யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். வாசனை அருமைதான், ஆனால் புகை புகைதான். வீசிங் உள்ளவருக்கும், தலைக்கு ஊற்றிய குழந்தைக்கும் அதைக் காட்டாதீர்கள். கம்ப்யூட்டர் சாம்பிராணிக்கும் இதே கணக்கு.

ஸ்ப்ரேயை மாமியார் ஹாலில் இல்லாதபோது அடித்து, ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் விடுங்கள். அவருக்கு நெஞ்சு இறுகினால் அந்த எண்ணெய் அந்த வீட்டுக்கு ஆகாது, அளவைக் குறைத்துப் பார்ப்பதில் பயனில்லை. பூனை வளர்த்தால் டீ ட்ரீ, சிட்ரஸ் எண்ணெய்களைத் தவிர்த்துவிடுங்கள்; பூனையின் ஈரலால் அவற்றை எளிதில் வெளியேற்ற முடியாது.

---

தாழம்பூ

எல்லாருக்கும் நன்றி. பூனை இல்லை. பாத்ரூம்ல பாச்சா உருண்டை இருந்துச்சு, எடுத்தாச்சு.

டேப் சோதனை செஞ்சேன். தரை ட்ராப்தான். ஜாலியைத் தூக்கினா உள்ளே கிண்ணமே இல்லை, தண்ணியும் இல்லை, ஒரு கரப்பான் மட்டும் இருந்துச்சு!

இப்ப ஷூ, டயப்பர், மீன், ஜெல் பாக்கி.

---

வடிகால்

பழைய கிண்ணம் தனியா கிடைக்கிறது கஷ்டம். ட்ராப்போட உள் விட்டத்தை அளந்துட்டு, ஹார்ட்வேர் கடையில கரப்பான் தடுப்பு உள்ள ஜாலி செட்டாவே கேளுங்க. அளவு சரியா இல்லைன்னா இடுக்குல வாயு வரும், வாங்கினதும் உக்கார வெச்சுப் பார்த்துடுங்க.

---

மீன்கூடை

மீனுக்கு நான் சொல்றேன் தாழம்பூ. வறுத்த வாசனைல பாதி மீன் இல்லை, எண்ணெய்ப் புகை. அது அடுப்புக்குப் பின்னாடி டைல்ஸ்லயும் சிம்னி ஃபில்டர்லயும் படிஞ்சு நாள் முழுக்க வீசும். சூடு இருக்கிறப்பவே டைல்ஸை சோப்புத் தண்ணி தொட்ட துணியால துடைச்சாலே பெரும்பகுதி போயிடும். வறுக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஜன்னலைத் திறந்து, பெட்ரூம் கதவை மூடிடுங்க. துணி வாசனையைப் பிடிச்சா விடாது.

அப்புறம் ஒரு டம்ளர் தண்ணியில ரெண்டு டேபிள்ஸ்பூன் வினிகர் விட்டு அஞ்சு நிமிஷம் கொதிக்க விடுங்க. வினிகர் நெடி கொஞ்ச நேரம் இருக்கும், மாமியார் உள்ளே இருக்கட்டும்.

வாசனைக்குன்னா அரை லிட்டர் தண்ணியில பிழிஞ்ச எலுமிச்சைத் தோல் ரெண்டு, நாலு கிராம்பு, ஒரு துண்டு பட்டை, ரெண்டு எலுமிச்சைப்புல் தாளை நசுக்கிப் போட்டு, சிம்ல இருபது நிமிஷம். தண்ணி வத்துச்சுன்னா கருகி, மீனே தேவலாம்னு ஆகிடும், பக்கத்துலயே இருங்க. ஐப்பசி கார்த்திகை மழையில இதைச் செய்யாதீங்க. ஏற்கெனவே சுவரு ஈரம் பூத்திருக்கும், ஆவி வேற சேர்ந்தா பூஞ்சைதான் வளரும்.

---

சோப்புப்பட்டறை

ஷூ: சோடாவை நேரா உள்ளே கொட்டினா கறுப்பு ஷூவெல்லாம் வெள்ளை பூத்துடும். பழைய காட்டன் சாக்ஸ்ல ரெண்டு டேபிள்ஸ்பூன் போட்டு முடிச்சு கட்டி, ராத்திரி உள்ளே வைங்க. ஈரமான ஷூன்னா முதல்ல செய்தித்தாளைச் சுருட்டி வெச்சு ஈரத்தை எடுங்க. நனைஞ்ச ஷூவுல சோடா கட்டியாகிடும், காத்துல இருக்கிற நாத்தத்தை இழுக்காது. முடிச்சைக் கைல தொட்டுப் பாருங்க, பொடி உதிரியா இருக்கிற வரைக்கும் ஓடும்.

டயப்பர் கூடை: அடியில மடிச்ச செய்தித்தாள், அதுமேல ரெண்டு ஸ்பூன் சோடா. ஆனா இதுல அம்மோனியாவும் சேர்ந்து வரும், சோடாவால அதைச் சமாளிக்க முடியாது. வாரம் ஒரு தடவை கூடையைக் கழுவி, வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து துடைச்சு வெயில்ல காய வைங்க. அன்னன்னைக்கு வெளியேத்துறதுக்கு ஈடா எந்தப் பொடியும் கிடையாது.

ஜெல்: உருகினது உங்க தப்பில்லை. ஜெலட்டின் 35 டிகிரிக்குப் பக்கத்துலயே இளகிடும், சித்திரை மாசம் ஹால்லயே அந்தச் சூடு இருக்கு. கடல்பாசிக்கு மாறுங்க, சைனா கிராஸ்னு மளிகைக் கடையில கிடைக்கும். ஒரு தடவை உறைஞ்சா 85 டிகிரி வரை உருகாது.

- தண்ணி – 250 மி.லி.
- கடல்பாசிப் பொடி – 3 கிராம் (இழைன்னா 5 கிராம், முன்னாடியே அரை மணி ஊற வெச்சு)
- கல் உப்பு – ஒரு டேபிள்ஸ்பூன்
- ஆல்கஹால் – 10 மி.லி., அதுல கலந்த எண்ணெய் – 30 சொட்டு

தண்ணியில பாசியைப் போட்டுக் கிளறிக்கிட்டே கொதிக்க விடுங்க. துணுக்கு ஒண்ணும் தெரியாம கரையணும், கொதி வந்த பிறகு ரெண்டு மூணு நிமிஷம். உப்பைப் போட்டு அடுப்பை அணைச்சுடுங்க. உடனே எண்ணெயை விட்டா ஆவியோட போயிடும், ரொம்ப ஆறவிட்டா 40 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிச்சு எண்ணெய் தனியா நிக்கும். பாத்திரத்தைத் தொட்டா சூடு தாங்குற பதம், 50 டிகிரி சுமார், அப்பதான் எண்ணெய் கலவையை விட்டுக் கிளறி, அகல வாய் பாட்டில்கள்ல ஊத்துங்க. எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கொதிக்க வைக்காதீங்க, புளிப்புல பாசி இறுகாது.

உப்பும் ஆல்கஹாலும் பூஞ்சையைத் தள்ளிப் போடும், நிறுத்தாது. அதனால சின்னச் சின்னதா ஊத்தி, ஒண்ணை வெளியே வெச்சு மத்ததை ஃப்ரிட்ஜ்ல மூடி வைங்க. பார்க்க ஜெல்லி மிட்டாய் மாதிரியே இருக்கும், பசங்க கைக்கு எட்டாத இடத்துல இருக்கட்டும்.

---

தாழம்பூ

ஜெல் மேல ரெண்டு நாள்ல கொஞ்சம் தண்ணி கசிஞ்சு நிக்குது. கெட்டுப்போச்சா?

---

சோப்புப்பட்டறை

இல்லை, கடல்பாசி அப்படித்தான் தண்ணி விடும். சாய்ச்சுக் கொட்டிடுங்க. அந்தத் தண்ணி தேங்கி நின்னாதான் அங்கே பூஞ்சை ஆரம்பிக்கும். வெள்ளையாவோ கறுப்பாவோ புள்ளி தெரிஞ்சா சுரண்டி எடுத்துட்டு வெச்சுக்காதீங்க, முழுசா தூக்கிப் போட்டுட்டு பாட்டிலை வெந்நீர்ல கழுவிடுங்க. வீசிங் இருக்கிற வீட்ல பூஞ்சை பிடிச்ச ஜெல்லை ஃபேனுக்கு நேரா வைக்கிறதும் சரியில்லை.